ஸ்கேனில் குழந்தையின் கண்புரை தெரியுமா? 20 வாரம், குடும்பத்தில் பிறவிக் கண்புரை உண்டு

மஞ்சள்குடை | செவ்வாய், காலை 9:12

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

நான் இரண்டு கண்ணிலும் புரையோடு, அதாவது கண் லென்ஸ் வெளுத்துப்போய்ப் பிறந்தவள். மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, அலைந்து திரிந்து, ஒரு கண்ணுக்கு ஐந்தாம் மாதமும் இன்னொன்றுக்கு எட்டாம் மாதமும் ஆபரேஷன் நடந்தது. இன்று வலது கண்ணால் வாசிக்கிறேன். இடது கண்ணுக்கு யாராவது குறுக்கே போனால் நிழல் தெரியும், அவ்வளவுதான். கருவிழி ஓர் இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கும் பிறவியிலேயே புரை இருந்திருக்கிறது. லேசானது என்பதால், முப்பது வயதில் கண்ணாடி போடப் போன இடத்தில்தான் தெரிந்தது.

எனக்கு இப்போது 20 வாரம். நேற்று அனாமலி ஸ்கேன், குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களே, அது. "கண் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "ரெண்டு கண்ணும் இருக்கும்மா" என்றார்கள். "லென்ஸ் தெளிவாக இருக்கிறதா?" என்றேன். "அதெல்லாம் பிறந்த பிறகுதான்" என்று சொல்லிக்கொண்டே ஜெல்லைத் துடைத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் ஒரே வரி: இரு கண்குழிகளும் காணப்படுகின்றன.

உண்மையிலேயே பார்க்க முடியாதா, இல்லை பார்க்கவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பங்காற்று | செவ்வாய், காலை 9:50

பயப்படாதீர்கள் தோழி. வயிற்றுக்குள் குழந்தையின் இமை ஏழாம் மாதம் வரை ஒட்டித்தானே இருக்கும்? மூடிய கண்ணுக்குள் புரை எப்படித் தெரியும்? அவர்கள் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன்.

சாம்பல்திரை | செவ்வாய், மதியம் 1:35

கர்ப்பகால ஸ்கேன் எடுப்பதுதான் என் வேலை, பதினான்கு வருடமாக. உங்கள் படங்களைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும், மஞ்சள்குடை.

இமை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பத்தாம் வாரத்துக்குள் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன, 26ஆம் வாரம் வாக்கில்தான் பிரிகின்றன. அது சரிதான். ஆனால் நாங்கள் பார்ப்பது வெளிச்சத்தால் இல்லை, ஒலியால். ஒலிக்கு மூடிய இமை ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனால் கண்ணும் அல்ட்ராசவுண்டும் பழைய சிநேகிதர்கள். கருவைப் படம்பிடித்து இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவரின் குழுவினர் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது 1958இல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1956இல், மண்ட், ஹியூஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கண் மருத்துவர்கள் கண்ணுக்குள் இருப்பதை ஒலியால் அறியலாம் என்று எழுதிவிட்டார்கள்.

இனி, திரையில் கண் எப்படி இருக்கும் என்பது. கண்குழி கறுப்பு வட்டமாகத் தெரியும். அதற்குள் முன்பக்கத்தை ஒட்டி ஒரு குட்டி வளையம். வளையத்தின் கோடு வெள்ளை, உள்ளே மை ஊற்றியது மாதிரி கறுப்பு. அதுதான் லென்ஸ். 20 வாரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உள்ளே கறுப்பாக இருந்தால் தெளிவு. மொத்தமும் வெள்ளைத் தட்டு மாதிரி இருந்தாலோ, வளையத்துக்குள் இன்னொரு வளையம் தெரிந்தாலோ, நடுவில் வெள்ளைப் புள்ளி உட்கார்ந்திருந்தாலோ புரை என்று சந்தேகப்படுவோம். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் 14 வாரத்திலேயே லென்ஸை ஓரளவு பிடித்துவிடலாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் 20 வாரம் நல்ல நேரம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர் பதில்: பார்க்க முடியும். அன்று பார்க்கவில்லை.

என் துறைக்காரர்களுக்காகக் கொஞ்சம் வக்காலத்தும் வாங்கிக்கொள்கிறேன். மகப்பேறு அல்ட்ராசவுண்டுக்கான சர்வதேசச் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியில், முகத்தில் கண் சம்பந்தமாகக் கேட்டிருப்பது இரண்டு கண்குழிகளும் இருக்கின்றனவா என்பதை மட்டுமே. லென்ஸ் அந்தக் குறைந்தபட்சப் பட்டியலில் இருக்கவில்லை. குழந்தை குப்புறப் படுத்திருந்தால், கை முகத்தை மறைத்தால், பனிக்குட நீர் குறைவாக இருந்தால், தாயின் வயிற்றுச் சதை தடிமனாக இருந்தால் லென்ஸ் பிடிபடாது. இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம் எல்லாவற்றையும் அதே அரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும்.

ஆனால் "அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் பிறவிப் புரை" என்று சீட்டில் எழுதி வந்தால், நான் லென்ஸுக்கென்றே பத்து நிமிடம் ஒதுக்குவேன். உங்கள் சீட்டில் அது எழுதியிருந்ததா?

மஞ்சள்குடை | செவ்வாய், மாலை 6:20

சீட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "20 வாரம், வழக்கமான ஸ்கேன்" என்றுதான் இருக்கிறது. நானும் வாயால் சொல்லவில்லை. என் கண்ணாடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன் போல.

நேர்கோடு | செவ்வாய், இரவு 8:04

யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதே தெரிந்து என்ன ஆகப்போகிறது? வயிற்றுக்குள் கண் ஆபரேஷன் செய்ய முடியாது. மீதி இருபது வாரம் தூக்கம் போகும், அவ்வளவுதான். பிறந்த பிறகு பார்த்துக்கொண்டால் போதாதா?

கிளிஞ்சல் | செவ்வாய், இரவு 9:47

போதாது நேர்கோடு. எங்கள் கதையைச் சொல்கிறேன்.

மகளுக்கு எல்லா ஸ்கேனும் சுத்தம். "இரு கண்குழிகளும் காணப்படுகின்றன" என்ற அதே வரி எங்களிடமும் இருக்கிறது. பிறந்த மறுநாள் குழந்தை மருத்துவர் வந்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்க வேண்டும், ஆனால் அவள் அழுது அழுது அப்போதுதான் தூங்கியிருந்தாள். "எழுப்ப வேண்டாம்" என்று சொன்னது நான்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைக் கட்டத்தில் டிக் இருந்தது. பிறகு வருத்தப்படுவதற்கு அந்த டிக் ஒன்று போதும்.

நான்காம் மாதம் ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் வலது கண் வழக்கம்போலச் சிவப்பாகவும் இடது கண் பால் மாதிரியும் விழுந்தது. இருபது போட்டோவை வரிசையாகத் திறந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் அப்படியே. இடது கண்ணில் அடர்த்தியான புரை. ஐந்தாம் மாதம் எடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அந்தக் கண்ணிலிருந்து ஐந்து மாதமாகத் தெளிவான படம் எதுவும் வராததால் மூளை அதைக் கைகழுவிவிட்டது. சோம்பேறிக் கண் என்கிறார்கள். நான்கு வருடமாக நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போடுகிறோம். பெரிய எழுத்து மட்டும் தெரிகிறது.

எனக்கு இருபது வாரத்திலேயே யாராவது சந்தேகமாகவாவது சொல்லியிருந்தால், அந்தத் தூக்கத்திலிருந்து அவளை எழுப்பியிருப்பேன்.

பிம்பம்தலைகீழ் | புதன், காலை 7:30

குழந்தைகள் கண் பிரிவில் பார்வை அளப்பவன். கிளிஞ்சல் சொன்னதுதான் விஷயத்தின் மையம், அதற்கு ஒரு காலக் கணக்கு உண்டு.

பிறந்த முதல் சில வாரங்களில் மூளையின் பார்வைப் பகுதி இன்னும் இரண்டு கண்களையும் போட்டியிட விடவில்லை. அதற்குப் பிறகு போட்டி ஆரம்பம். தெளிவாகப் படம் அனுப்பும் கண்ணுக்கு இடம் கிடைக்கும், மங்கலானது ஒதுக்கப்படும். ஹ்யூபல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து இதைக் கண்டுபிடித்தார்கள், 1981இல் நோபல் கிடைத்தது. நடைமுறையில் இதன் அர்த்தம்: ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரை என்றால் ஆறு வாரத்துக்குள், இரண்டு கண்ணிலும் என்றால் எட்டு வாரம் வாக்கில் எடுத்துவிட வேண்டும். ரொம்ப அவசரப்பட்டு நான்கு வாரத்துக்கு முன்பே எடுத்தால் பின்னால் கண் அழுத்த நோய் வரும் ஆபத்து கூடும். ஆக, இருக்கும் ஜன்னல் இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு வாரம்தான்.

அதற்குள் சந்தேகப்பட்டு, குழந்தை கண் நிபுணரைத் தேடிப் பிடித்து, மயக்க மருந்துக்கு உடல் தேறி, தேதி வாங்க வேண்டும். பிறந்த பிறகு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஓட்டத்தில்தான். முன்னாலேயே தெரிந்தால் ஓட வேண்டியதில்லை, தேதி காத்திருக்கும். நேர்கோடு, வயிற்றுக்குள் ஆபரேஷன் இல்லைதான். பயன் இந்த நாட்காட்டியில் இருக்கிறது.

ஒலிபெயர்ப்பு | புதன், காலை 10:15

நான் பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவன். இந்த இழையைத் திரைவாசிப்பான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு லீபர் என்ற விழித்திரைக் கோளாறு. கண் முழுசாக இருக்கிறது, லென்ஸ் தெளிவு, விழித்திரை இடத்தில் விழித்திரை இருக்கிறது, வேலை மட்டும் செய்யவில்லை. என் அம்மாவுக்கு இன்றைய மெஷினைக் கொண்டுபோய் வைத்திருந்தாலும் "எல்லாம் நார்மல்" என்றுதான் எழுதியிருப்பார்கள். ஸ்கேனுக்கு உருவம் தெரியும், பார்வை தெரியாது. இங்கே வாசிக்கும் கர்ப்பிணிகள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. இப்படிப்பட்ட பேச்சில் யாராவது ஒருவர் "அப்படியானால் பெற்றுக்கொள்ள வேண்டுமா" என்று இழுப்பார். இதுவரை யாரும் இழுக்கவில்லை, நன்றி. அது அந்தந்தத் தாயின் முடிவு. அந்த முடிவை எடுப்பதற்கு முன் பார்வை இல்லாமல் வாழும் ஒருவரிடமாவது அரை மணி நேரம் பேசட்டும் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. என்னிடம் பேசலாம். மாலை ஆறுக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

நேர்கோடு | புதன், காலை 11:02

பிம்பம்தலைகீழ், நாட்காட்டி விஷயம் எனக்குத் தெரியாது. என் கேள்வியைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி: ஸ்கேனில் தப்பாகச் சொல்லிப் பயமுறுத்தினால்?

சாம்பல்திரை | புதன், மதியம் 2:10

அதுவும் நடக்கும். ஒலிக்கற்றை லென்ஸின் ஓரத்தில் சாய்வாகப் பட்டால் உள்ளே பொய்யாக வெளுப்புத் தெரியும். அதனால் இரண்டு மூன்று கோணத்தில் பார்த்து, இரண்டு கண்ணையும் ஒப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் வாய் திறப்போம்.

பலர் பயந்துபோகும் இன்னொன்று, லென்ஸின் பின்னாலிருந்து கண்ணின் அடிவரை ஓடும் மெல்லிய கோடு. அது ஹயலாய்டு தமனி. வளரும் லென்ஸுக்கு ரத்தம் கொண்டுபோகும் தற்காலிகக் குழாய், வீடு கட்டும்போது போடும் சாரம் மாதிரி. 30 வாரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். 22 வாரத்தில் அந்தக் கோடு இருப்பது நல்ல அடையாளம்தான். 34 வாரத்திலும் தடிமனாக நின்றால் யோசிக்க வேண்டும். சாரம் கழற்றப்படாத அந்த நிலையில் ஒரு கண் மட்டும் சின்னதாகவும் புரையோடும் பிறக்கலாம். அடியிலிருந்து இரண்டு கோடுகள் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி விரிந்தால் அது வேறு கதை, விழித்திரை பிரிந்திருக்கலாம்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: இருப்பதைத் தவறவிடுவது. 20 வாரத்தில் தெளிவாக இருந்த லென்ஸ் 30 வாரத்தில் வெளுக்கலாம். சில புரைகள் பிறந்த பிறகுதான் அடர்த்தியாகும். கண்ணின் அடியில் இருக்கும் சிறு பிளவு, பார்வை நரம்பு மெலிந்திருப்பது, கிட்டப்பார்வை, மாறுகண் இதெல்லாம் எங்கள் கையில் சிக்குவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பங்காற்று | புதன், மாலை 4:45

அப்படியென்றால் லென்ஸுக்காகப் பத்து நிமிடம் அந்த ஒலியைக் கண்ணிலேயே அடித்தால் கண் கெடாதா?

சாம்பல்திரை | புதன், மாலை 5:30

நல்ல கேள்வி, பலர் கேட்கத் தயங்குவது. வளர்ந்த லென்ஸுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, சூடானால் அதைக் கொண்டுபோக ஆள் இல்லை. ஒலியின் அதிர்வும் கண்ணைப் பாதிக்கலாம். அதனால் பெரியவர்களின் கண்ணை ஸ்கேன் செய்யும் கருவிகளுக்கு, அந்த அதிர்வின் ஆபத்தைக் காட்டும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் என்ற எண் 0.23ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கண்டிப்பாக வைத்திருக்கிறது. மற்ற உறுப்புகளுக்கு 1.9 வரை அனுமதி. குழந்தை விஷயத்தில் ஒலி உங்கள் வயிற்றுச் சுவர், பனிக்குட நீர் எல்லாம் கடந்து தேய்ந்துதான் போகிறது. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் சக்தி குறைவு. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளரைத்தான் கண் மீது தேவையில்லாமல் வைத்துக்கொண்டே இருக்க மாட்டோம். நான் படத்தை உறையவைத்து, பின்னால் உருட்டிப் பார்த்து அளப்பேன். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடமும் ஒலி போகிறது என்று அர்த்தமில்லை.

ஒற்றைச்சிறகு | வியாழன், அதிகாலை 1:20

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். மகனுக்கு ஒரு கண் சரியாக வளரவில்லை என்று 22 வாரத்தில் சொன்னார்கள்.

அந்தப் பெண் ப்ரோபை நகர்த்திக்கொண்டே இருந்தவர் ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். திரையில் இரண்டு வட்டம். ஒன்றின் மேல் அளவுக்கோடு போட்டார், 11 மில்லிமீட்டர். இன்னொன்றின் மேல் போட்டார், 6. அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் 6. அந்தச் சின்ன வட்டத்துக்குள் வளையம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு மூளை, இதயம், விரல்கள் என்று எல்லாவற்றையும் தேடினார்கள். கண் சின்னதாக இருந்தால் கண்ணோடு நிற்காதாம். 13ஆம் குரோமோசோம் மூன்றாக இருந்தால் வரலாம், சார்ஜ் என்ற கூட்டுக் குறைபாட்டில் வரலாம், சாக்ஸ்2 என்ற ஒற்றை மரபணு கெட்டாலும் வரலாம். பனிக்குட நீர் எடுத்தார்கள். கருச்சிதைவு ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் அன்று நாங்கள் இருவரும் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. குரோமோசோம் சரி. சாக்ஸ்2 சரி. 26ஆம் வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளை சரி. காரணம் இன்றுவரை தெரியாது.

தெரிந்து என்ன பயன் என்று கேட்டாரே ஒருவர், எங்களுக்கு ஒன்று நடந்தது. கண் சின்னதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள எலும்பும் வளராது, முகம் ஒருபக்கம் ஒடுங்கிவிடும். அதனால் பிறந்து சில வாரத்திலேயே உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஓடு வைத்து, சில வாரத்துக்கு ஒருமுறை பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். செய்பவரை நாங்கள் பிரசவத்துக்கு முன்பே பார்த்துப் பேசிவிட்டோம். முதல் ஓடு பட்டாணி அளவு. சுண்டுவிரல் நகத்தில் வைத்துக் கழுவுவேன், ஒருமுறை வாஷ்பேசினில் விழுந்து அரை மணி நேரம் பைப்பைக் கழற்றித் தேடியிருக்கிறேன். இன்று அவனுக்கு மூன்று வயது. மற்றக் கண் முழுசாகத் தெரிகிறது, அலமாரியின் மேல்தட்டில் நாங்கள் ஒளித்துவைப்பதெல்லாம் முதலில் அவனுக்குத்தான் தெரிகிறது.

மஞ்சள்குடை | வியாழன், காலை 8:00

ஒற்றைச்சிறகு, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி.

வம்சாவளி | வியாழன், மதியம் 12:25

மரபணு ஆலோசனை தருபவள். மஞ்சள்குடையின் குடும்பத்தைப் பற்றி ஒன்று. அப்பா, மகள் என்று தலைமுறை விடாமல் வருவதால் இது மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே வெளிப்படும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு. ஆனால் அளவு வேறு. உங்கள் அப்பாவுக்கு லேசு, உங்களுக்குக் கனம். ஒரே குடும்பத்தில் இப்படி ஏறி இறங்குவது சகஜம்.

பிறவிப் புரைக்குக் காரணமான மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் உண்டு, முக்கியமானவை லென்ஸின் தெளிவைக் காக்கும் கிரிஸ்டலின் புரதங்களுக்கானவை. முதலில் உங்கள் ரத்தத்தில் எந்த எழுத்துப்பிழை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் குழந்தையிடம் தேடுவது விலாசம் இல்லாமல் வீடு தேடுவதுதான். குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது வராது, அது நார்மல் என்று வந்ததை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

அப்புறம், முன்கூட்டியே மரபணு பார்ப்பதால் உண்மையிலேயே பார்வை மிஞ்சும் இடம் விழித்திரைப் புற்றுநோய், ரெட்டினோபிளாஸ்டோமா. தாய்க்கோ தந்தைக்கோ பரம்பரை வகை இருந்தால் குழந்தைக்கும் அந்த மரபணு வர சரிபாதி வாய்ப்பு. பனிக்குட நீரில் ஆர்.பி.1 என்ற அந்த மரபணுவின் பிழை உறுதியானால் பிரசவத்தைச் சில வாரம் முன்னால் தள்ளி, கட்டி கடுகளவு இருக்கும்போதே லேசரில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டியை வயிற்றுக்குள் ஸ்கேனில் பார்க்கும் அளவுக்கு வளர விட்டால் அது தாமதம்.

வேப்பங்காற்று | வியாழன், மதியம் 3:10

கர்ப்பத்தில் ருபெல்லா அம்மை வந்தாலும் குழந்தைக்குப் புரை வருமாமே?

பிம்பம்தலைகீழ் | வியாழன், மாலை 4:00

வரும். அதைக் கண்டுபிடித்தவரே கண் மருத்துவர்தான். ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக், 1941. ஒரே சமயத்தில் இத்தனை கைக்குழந்தைகள் புரையோடு ஏன் வருகிறார்கள் என்று குழம்பியிருக்கிறார். காத்திருக்கும் அறையில் தாய்மார்கள் தங்களுக்குக் கர்ப்பத்தில் வந்த அம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்ததாகச் சொல்வார்கள். 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். முதலில் நம்பாதவர்களும் இருந்தார்கள். தடுப்பூசி 1969இல் வந்தது. கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி, கர்ப்பத்தில் போடக் கூடாது.

மஞ்சள்குடை | மூன்று வாரம் கழித்து, சனி, காலை 10:40

சொல்ல வேண்டியது இருக்கிறது.

சீட்டில் "தாய், தாய்வழித் தாத்தா: பிறவிக் கண்புரை, லென்ஸைப் பார்க்கவும்" என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, 23 வாரத்தில் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். முதலில் குழந்தை குப்புறத்தான் கிடந்தது. நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். படிக்கட்டு ஏறி இறங்கி வந்து படுத்ததும் புரண்டிருந்தது. திரையை என் பக்கம் திருப்பி, என் வலது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.

வலது லென்ஸ் சாம்பல்திரை சொன்ன மாதிரியே. வெள்ளை வளையம், உள்ளே மை. இடது லென்ஸின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. நானே பார்த்துவிட்டேன், அவர்கள் சொல்வதற்கு முன்.

மறுபடி 28 வாரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற உறுப்புகள் எல்லாம் சரி.

சாம்பல்திரை | சனி, மதியம் 12:15

உங்களுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார்களே, அதுவே நல்ல இடம். கண் அளவு சரியா, ஹயலாய்டு கோடு மெல்லியதா என்று கேட்டீர்களா?

மஞ்சள்குடை | சனி, மதியம் 12:50

இரண்டு கண்ணும் ஒரே அளவு. கோடு மெல்லியது. கேட்டேன்.

ஒலிபெயர்ப்பு | சனி, மாலை 6:30

மஞ்சள்குடை, உங்கள் மெசேஜ் வந்தது. இன்று ஏழு மணிக்குப் பேசலாம்.

மஞ்சள்குடை | ஐந்து வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9:15

28 வாரம். இடது லென்ஸில் புள்ளி பெரிதாகி வளையத்துக்குள் வளையமாகத் தெரிகிறது. வலதிலும் இப்போது நடுவில் சின்னதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறது. 20 வாரத்தில் யாராவது பார்த்து "தெளிவு" என்று எழுதியிருந்தால், அந்தக் காகிதத்தை நம்பியிருப்பேன்.

அழுதேன். ஆனால் குழந்தை கண் நிபுணரைப் பார்த்துவிட்டோம், நான் வயிற்றோடு போய் உட்கார்ந்ததும் சிரித்துவிட்டார். பிறந்த இரண்டாம் நாள் அவரே வந்து டார்ச் அடித்துப் பார்ப்பதாக எழுதிக்கொண்டார். என் மரபணு முடிவும் வந்துவிட்டது, கிரிஸ்டலினில்தான் பிழை. வம்சாவளி, உங்கள் விலாசம் கிடைத்துவிட்டது.

கிளிஞ்சல் | வெள்ளி, இரவு 9:40

தூங்கினாலும் எழுப்பச் சொல்லுங்கள்.

மஞ்சள்குடை | பத்தொன்பது வாரம் கழித்து, திங்கள், அதிகாலை 4:05

பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

38 வாரத்தில் மகள் பிறந்தாள். இரண்டாம் நாள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பினோம். டார்ச்சில் வலது கண் ஓரமெல்லாம் சிவப்பு, நடுவில் கறுப்புப் புள்ளி. இடதில் சிவப்பே இல்லை. ஐந்தாம் வாரம் இடது கண்ணும் ஒரு வாரம் கழித்து வலது கண்ணும் முடிந்தது. உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த 114 கைக்குழந்தைகளை நான்கரை வயது வரை தொடர்ந்து பார்த்ததில், லென்ஸ் உள்ளே வைத்தவர்களுக்குப் பார்வை கூடுதலாக வரவில்லை, மறு ஆபரேஷன்தான் அதிகமானது என்று மருத்துவர் விளக்கினார். எங்களுக்கு இரண்டு கண் என்றாலும் இப்போதைக்குக் கான்டாக்ட் லென்ஸ் போதும் என்றார்.

இப்போது ஒன்பதாம் வாரம். நேற்று நான் கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்தேன். தலை கூடவே திரும்பியது. மறுபடி நடந்து பார்த்தேன், திரும்பியது.

கேள்வி இதுதான்: கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தும் ஒன்பது வாரக் குழந்தைக்குக் கான்டாக்ட் லென்ஸை எப்படிப் போடுகிறீர்கள்? நாங்கள் இருவர் சேர்ந்தும் அரை மணி நேரம் ஆகிறது. இன்று ஒன்று போர்வையில் தொலைந்துவிட்டது.

கிளிஞ்சல் | திங்கள், காலை 5:20

துண்டில் கைகளைச் சேர்த்துச் சுற்றிக்கொள்ளுங்கள். பால் குடித்துக் கண் சொருகும் நேரத்தில் மேல் இமையை முதலில் தூக்கி, லென்ஸின் மேல் ஓரத்தை அதற்கு அடியில் செருகுங்கள், பிறகு கீழ் இமையை இழுத்து விடுங்கள். நடுவில் வைத்து அழுத்தினால் துப்பிவிடும். போர்வையைத் தட்டாதீர்கள், இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள், மின்னும்.

மஞ்சள்குடை | திங்கள், காலை 5:48

மின்னியது. தலையணை உறைக்குள் இருந்தது.